நெய்யாற்றின் இரண்டு தீவுகள்

அரபிக்கடலில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு தீவுகூட இல்லை. ஆனால் அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர் கைக்கு வரும் விளம்பரத் தாள்களில் தீவுகளுக்குப் பஞ்சமில்லை. வர்க்கலைக்குத் தெற்கே அஞ்சுதெங்குக் காயலுக்குள் பொன்னும்துருத்து. நெய்யாறு கடலைச் சேரும் இடத்தில் பூவாறு. அதே நெய்யாற்றின் மேற்பகுதியில், அணைத்தண்ணீர் சூழ்ந்து நிற்கும் மரக்குன்னம். மூன்றும் சூழல் சுற்றுலா, இயற்கைச் சுற்றுலா, காட்டுயிர்ச் சுற்றுலா என்று ஏதாவது ஒரு பெயரில் விற்கப்பட்டவை. மூன்றிலும் பயணிக்குக் காட்டப்படுவது நடுவில் இருக்கும் மண். அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் படகு போவதற்கான பாதை, புகைப்படத்துக்கான பின்னணி, அவ்வளவுதான். தீவுகளில் காட்டுயிரைக் காப்பதாகச் சொல்லும் சுற்றுலா இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். தீவின் உயிர் மண்ணில் இல்லை, நீரில் இருக்கிறது. நீரைப் பற்றிக் கேள்வி கேட்காத தீவுச் சுற்றுலா, மூங்கில் குடில் போட்டாலும் பிளாஸ்டிக் குப்பியைத் தடை செய்தாலும், சூழல் என்ற பெயருக்குத் தகுதி பெறுவதில்லை. இதைப் பார்க்க லட்சத்தீவு வரை கப்பலேற வேண்டாம். ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீளமே உள்ள நெய்யாற்றின் கரையோடு மலையிலிருந்து கடலுக்கு இறங்கினால் போதும்.

ஆறு பிறப்பது அகத்தியமலையில். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தச் சிகரத்தை நெல்லைக்காரர்கள் பொதிகை என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். தாமிரபரணி அதன் கிழக்குச் சரிவில் இறங்குகிறது, நெய்யாறு மேற்குச் சரிவில். யுனெஸ்கோ 2016-இல் தன் உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்த மலைத்தொடர் இது. வரையாடு, கருமந்தி, சோலைமந்தி, யானை, காட்டெருது என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய குடும்பம் முழுவதும் இங்கே உண்டு. 1958-இல் நெய்யாற்றின் குறுக்கே அணை எழுந்தது. அதே ஆண்டில் சுற்றியிருந்த 128 சதுர கிலோமீட்டர் காடு காட்டுயிர்ச் சரணாலயம் ஆயிற்று. முல்லையாறும் கல்லாறும் வந்து சேர, தண்ணீர் பள்ளத்தாக்குகளில் ஏறியது. தாழ்ந்த காடுகள் மூழ்கின. மேடுகள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தீவுகளாகவும் தீவக்குறைகளாகவும் மாறின. இவை இயற்கை செய்த தீவுகள் அல்ல, பொதுப்பணித் துறை செய்தவை. அதனால் இளப்பம் என்று சொல்லவில்லை. மனிதர் செய்த நீர்த்தேக்கங்களிலும் காலப்போக்கில் பறவையும் மீனும் நீர்நாயும் குடியேறிவிடும். அந்தத் தண்ணீரை நாம் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதுதான் விஷயம்.

1984-இல் மரக்குன்னத்தில் சிங்க உலா தொடங்கினார்கள். யோசனை எளிமையானது: நீர் சூழ்ந்த மேடு, இயற்கையே கட்டித் தந்த வேலி. நான்கு சிங்கங்களோடு ஆரம்பித்து ஒரு கட்டத்தில் பதினாறு வரை பெருகின. படகில் போய் இறங்கி, கம்பி அடித்த வண்டியில் ஏறி, மர நிழலில் படுத்திருக்கும் சிங்கத்தைப் பார்த்துத் திரும்புவதற்கு அரசு விடுமுறை நாட்களில் கூட்டம் நெரிந்தது. கேரளத்துக் காடு எதிலும் சிங்கம் வாழ்ந்ததில்லை. இந்தியாவில் அது இயற்கையாக எஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டும். சரணாலயத்தின் நட்டநடுவே, அந்த மலைக்கு எந்த உறவும் இல்லாத ஒரு விலங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே மலையில் உண்மையிலேயே வாழும் சிங்கவால் குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பயணிகளைத் திருப்பி அனுப்பிய வேடிக்கை இது. பெருகிய சிங்கங்களை என்ன செய்வது என்று தெரியாமல் 2005 வாக்கில் கருத்தடை செய்தார்கள். அதன் பிறகு வயதாகி ஒவ்வொன்றாக இறந்தன. குஜராத்திலிருந்து வரவழைத்த இணையும் நிலைக்கவில்லை. 2021-இல் பிந்து என்ற கடைசிப் பெண் சிங்கம் இறந்தது. உலாப் பூங்காவுக்குத் தேவையான பரப்பு அந்த மேட்டில் இல்லை என்பது மத்திய உயிர்க்காட்சிச் சாலை ஆணையத்தின் நெடுநாள் குறை. கடைசியில் அங்கீகாரமும் போயிற்று.

தண்ணீர் வேலியாக நிற்கும் என்ற நம்பிக்கையும் வெறும் நம்பிக்கைதான். 2020 அக்டோபர் கடைசியில் வயநாட்டில் பிடிபட்ட ஒரு புலியை மரக்குன்னத்துக்குக் கொண்டுவந்து கூண்டில் வைத்தார்கள். அது கூண்டை உடைத்து வெளியேறியது. மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும் வரை சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் நிம்மதியாக மூச்சுவிடவில்லை. புலி நன்றாக நீந்தும் விலங்கு என்பது வனத்துறைக்குத் தெரியாததல்ல. முதலைகளின் கதை இன்னும் பழையது. 1977-இல் அணைக்கரையில் முதலை வளர்ப்பு மையம் தொடங்கி, அங்கே வளர்ந்த சதுப்பு முதலைகளை நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். காகிதத்தில் அது காட்டுயிர் மீட்பு. தண்ணீரில் இறங்கிக் குளிப்பவரும் துவைப்பவரும் அக்கரைக்குத் தோணியில் போகிறவரும் இருக்கிறார்கள் என்பது அந்தக் காகிதத்தில் இல்லை. முதலைகள் ஆட்களைத் தாக்கின. பிறகு அவற்றைத் தேடிப் பிடித்துத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை நடந்தது. 2007-இல் அந்த மையத்துக்கு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நாயகர் ஸ்டீவ் இர்வினின் பெயரைச் சூட்டினார்கள். முதலையால் காயம்பட்ட உள்ளூர்க்காரர் அந்தப் பெயர்ப்பலகையை எப்படிப் பார்த்திருப்பார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கரை மக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த நீர்த்தேக்கத்தைக் கடக்க முடியாது. அணையில் நீர் ஏறியபோது அம்பூரி ஊராட்சியின் தொடுமலைப் பகுதியும் அங்குள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் கரையிலிருந்து துண்டிக்கப்பட்டன. பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் அவர்கள் கடத்துத் தோணியை நம்பியே பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். கும்பிச்சல் கடவில் அவர்களுக்கென்று ஒரு பாலம் எழுந்தது சமீப ஆண்டுகளில்தான். அதே தண்ணீரின் மறு மூலையில், சிங்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு 1980-களிலேயே விசைப்படகு கிடைத்துவிட்டது. நெய்யாற்றின் உண்மையான தீவுவாசிகள் இந்தக் காணிகள்தாம். 1987-இல் இந்த மலையில் ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள், கூட வந்த காணி இளைஞர்கள் களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு, அவர்கள் மென்றுகொண்டிருந்த காய் என்னவென்று கேட்டறிந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது; வருமானத்தில் ஒரு பங்கு காணிகளின் அறக்கட்டளைக்குப் போனது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி முயற்சி என்று உலகம் முழுவதும் அதை எடுத்துச் சொன்னார்கள். அதில் குறைகளும் சச்சரவுகளும் இருந்தன. ஆனாலும் மரக்குன்னத்துச் சிங்கத்தைவிட அதிகமாக இந்த மலையைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்தி அது. பயணிக்குக் காட்டப்பட்டதோ சிங்கம்.

நகரத்துக் குழந்தைகளுக்கு விலங்கின் மேல் ஆசை வர ஏதாவது ஒரு வாசல் வேண்டாமா, சிங்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நாளை காட்டுக்காகப் பேசாதா என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது உயிர்க்காட்சிச் சாலைக்கான வாதம். திருவனந்தபுரம் நகரின் நடுவிலேயே 1857 முதல் ஒரு நல்ல உயிர்க்காட்சிச் சாலை இருக்கிறது; பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். சரணாலயத்துக்குள், நீர் சூழ்ந்த மேட்டில், மூடிய வேலிக்குள் சிங்கத்தை வைத்தால் குழந்தை கற்றுக்கொள்வது வேறு. காடு என்பது நமக்குப் பிடித்த விலங்கைக் கொண்டுபோய் வைக்கும் இடம், தண்ணீர் என்பது அந்த விலங்கு ஓடாமல் தடுக்கும் அகழி என்றுதான் அது புரிந்துகொள்ளும். மேடை பெரிதாக இருந்ததே தவிர, அங்கே நடந்தது சர்க்கஸ்தான்.

அணையைத் தாண்டிக் கீழே வந்தால் ஆறு மெலிகிறது. வலது கால்வாயும் இடது கால்வாயும் தண்ணீரைப் பிரித்துக்கொண்டு போகின்றன. இடது கால்வாய் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரத்தில் ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரவேண்டியது. 2004-இல் கேரளம் அந்த நீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போயிற்று. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆற்றுமணல் பல ஆண்டுகள் அள்ளப்பட்டது. மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்த 2001-இலேயே சட்டம் வந்தும் இரவில் லாரிகள் ஓடிய காலம் உண்டு. மணல் போன ஆற்றில் படுகை தாழும், படுகை தாழ்ந்தால் கடலின் உப்பு மேலே ஏறும், கரை சரியும். பூவாறு போகும் பயணி இந்த நடுப்பகுதியைக் காரில் அரைமணி நேரத்தில் கடந்துவிடுகிறார். அவர் போய்ச் சேரும் இடத்தின் தலையெழுத்து இந்த நடுப்பகுதியில்தான் எழுதப்படுகிறது.

பூவாற்றில் படகுத்துறைகளுக்குக் குறைவில்லை. சாலையோரம் நின்று கையசைத்துக் கூப்பிடுவார்கள். உயிர்காப்புச் சட்டை மாட்டி, கூரை போட்ட படகில் உட்கார்ந்ததும் குறுகிய வாய்க்கால்கள் தொடங்குகின்றன. இருபுறமும் தாழையும் தென்னையும் கண்டலும் பின்னிக்கிடக்க, மேலே கிளைகள் கைகோத்துப் பச்சைக் குகையாகின்றன. மின்கம்பியில் மீன்கொத்தி, பட்ட மரத்தில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம், கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தும் பாம்புத்தாரா, உயரத்தில் செம்பருந்து. குகைக்குள் இஞ்சின் சத்தம் இரண்டு மடங்காகிறது. படகு போன பிறகு பின்னால் எழும் அலை கரையில் மோதும் இடத்தை ஒரு நிமிடம் கவனித்தால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். சேற்றிலிருந்து வேர் வெளியே நீட்டி நிற்கிறது, வேருக்கு அடியில் மண் குடைந்துபோயிருக்கிறது. நண்டு வளைகளுக்குள் ஒவ்வோர் அலைக்கும் கலங்கல் நீர் ஏறி இறங்குகிறது. ஒரு படகின் அலை ஒன்றும் செய்யாது. அடுத்த படகு நாலு நிமிடத்தில் வரும், அதற்கடுத்தது அதன் பின்னாலேயே. யானைப்பாறையும் மாதா சிலையும் மிதக்கும் உணவகமும் பார்த்து, கடைசியில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிடுகிறார்கள். ஒருபக்கம் காயல், மறுபக்கம் கடல். பொன்மணல் கடற்கரை என்பது விளம்பரப் பெயர். உள்ளூரில் அதற்குப் பெயர் பொழி.

பொழிதான் பூவாற்றின் மையம், பயணிகள் நினைப்பது போல ரிசார்ட் அல்ல. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வரும்போது நீர் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. கோடையில் ஆறு வலுவிழந்ததும் கடலலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடுகிறது. திறந்திருக்கும் காலத்தில் உப்புநீர் உள்ளே வருகிறது. அதோடு மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர வருகின்றன. மூடியிருக்கும் காலத்தில் உப்பு குறைந்து, ஆகாயத்தாமரை செழித்து, வீட்டுக் கழிவும் படகின் எண்ணெயும் வெளியேற வழியில்லாமல் தேங்குகின்றன. கண்டல் மரம், கரிமீன், மீன்கொத்தி எல்லாம் இந்தத் திறப்பையும் மூடலையும் நம்பி வாழ்பவை. திறப்பது எப்போது என்பதை முன்பு ஆறு முடிவு செய்தது. இப்போது பாதியை அணையின் மதகு முடிவு செய்கிறது, மீதியை மண்வெட்டியும் மண்வாரி எந்திரமும். காயல் நிரம்பித் தாழ்ந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறினால் பொழி முறிக்கச் சொல்லிக் கூக்குரல் எழும். ஆனால் பயணிக்கு இறங்கிப் படமெடுக்க மணல்திட்டு வேண்டும். பொழி முறிந்தால் அந்தத் திட்டு சுருங்கும், சில நாட்களுக்கு ஆபத்தான இடமாகவும் ஆகும். ஆக, சுற்றுலாவுக்கு லாபம் தருவது மூடிய பொழி. மீனுக்கும் கண்டலுக்கும் தேவைப்படுவது நேரத்துக்குத் திறக்கும் பொழி. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. முரண்பாடு அந்த இடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சூழல் சுற்றுலா என்று பலகை மாட்டுகிறவர் முதலில் பேசவேண்டியது இந்த முரண்பாட்டைத்தான். விளம்பரங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மாவட்டத்தின் மற்றக் காயல்களிலும் இதே கதை வேறுவேறு அளவில் நடக்கிறது. அஞ்சுதெங்கு, கடினங்குளம் காயல்களும் வாமனபுரம் ஆறும் கடலைச் சேர்வது முதலப்பொழியில். அங்கே துறைமுகத்துக்காகக் கற்சுவர் கட்டியதிலிருந்து முகத்துவாரத்தில் மணல் சேர்வதும், படகு கவிழ்ந்து மீனவர் சாவதும் தொடர்கின்றன. 2025 ஏப்ரலில் மணல் முழுவதுமாக வாயை அடைத்துக்கொண்டது. காயல்நீர் குடியிருப்புகளை நோக்கி ஏறியது. மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பொன்னும்துருத்துக்குத் தோணியில் போய், தென்னந்தோப்புக்குள் இருக்கும் பழைய சிவன் கோயிலைப் பார்த்து வருகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அந்தத் தீவு நிற்பது அதே காயலில்தான். கயிற்றுத் தொழிலுக்காகத் தேங்காய்மட்டை அழுகவைத்துக் கறுத்த நீரும் அதே காயலில்தான் கலந்தது. வேளி, ஆக்குளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நகரத்துச் சாக்கடையை ஆமையிழஞ்சான் தோடு கொண்டுவந்து சேர்க்கும் நீரின் மேல் மிதக்கும் பாலம் போட்டுச் சுற்றுலாக் கிராமம் நடத்துகிறார்கள்.

படகோட்டியின் வயிற்றில் அடிக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். கடலில் மீன் குறைந்த பிறகு இளைஞர்கள் பலர் படகோட்டவும் கைடு வேலைக்கும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் படகைக் குறை என்பது நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சுலபம். ஆனால் தண்ணீரை நம்பிப் பிழைப்பவர்கள் படகோட்டிகள் மட்டுமல்ல. வேம்பநாட்டுக் காயலில், ஆலப்புழை மாவட்டத்துப் பாணாவள்ளியில், நெடியதுருத்து என்ற தீவு இருக்கிறது. அதில் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறி 54 வில்லாக்களோடு ஒரு சொகுசு விடுதி எழுந்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்களில் முன்னால் நின்றவர்கள் ஊன்றுவலை கட்டி மீன்பிடிக்கும் உள்ளூர் மீனவர்கள். தங்கள் ஊன்றுகள் நின்ற நீரையும், வலைக்கு மீன் வந்த வழியையும் விடுதி விழுங்கிவிட்டது என்பது அவர்கள் வழக்கு. 2013-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இடிக்கச் சொல்லின. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. அந்தத் தீவில் வேலை கிடைத்தவர்களின் பிழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. நீரில் வேலை இழந்தவர்களின் பிழைப்பு கண்ணில் படவே பல வருட வழக்கு தேவைப்பட்டது. பிழைப்பு என்ற சொல்லை எடுப்பவர் இரண்டு கணக்கையும் சேர்த்தே போடவேண்டும்.

எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் தொழில் செத்துவிடும் என்பதற்கும் சான்று இல்லை. இதே மாவட்டத்தில் அகத்தியமலைச் சிகரமான அகத்தியர்கூடத்துக்கு ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும், முன்பதிவு செய்தவர்களை, நாளொன்றுக்கு நூறு பேர் என்ற அளவில் அனுப்புகிறார்கள். அனுமதிச்சீட்டு விற்பனைக்கு வந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆண்களுக்கு மட்டும் அனுமதி என்றிருந்த விதி உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கி 2019-இல் பெண்களும் ஏறினார்கள். தகுதியை விரிவாக்கினார்கள், எண்ணிக்கையை விட்டுவிடவில்லை. மலையில் தலை எண்ணுகிற நிர்வாகம், அந்த மலையின் ஆறு கடலில் சேரும் இடத்தில் படகுக்குப் பதிவெண் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. காயல் எத்தனை படகு தாங்கும் என்பது வேறு கணக்கு. அளவோடு போவதும் அளவில்லாமல் போவதும் பெரியாறு ஏரியில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. முன்பு காட்டில் வயணப்பட்டை வெட்டிக் கடத்தியவர்களையே வழிகாட்டிகளாக்கி, சிறு குழுக்களாக மூங்கில் தெப்பத்தில் அழைத்துச் சென்றார்கள். காட்டுக்கும் நல்லது, அவர்களுக்கும் கௌரவமான சம்பளம். அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே மாதம் தானூரில் முகத்துவாரத்தை ஒட்டி 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. காட்டுயிருக்கு அளவோடு போகும் படகு மனிதருக்கும் பாதுகாப்பான படகுதான் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று வேண்டாம்.

இன்னொரு மறுப்பு எனக்கு மிகவும் வலுவாகப் படுகிறது. பூவாற்றுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் விழிஞ்ஞத்தில் மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டி, 2025 மே 2 அன்று பெருந்துறைமுகத்தைத் திறந்துவைத்தார்கள். அந்த மாதமே 25-ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் கடலில் போயின. சில நாட்களில் திருவனந்தபுரத்துக் கரைகளில் ஜவ்வரிசி போல வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் குவிந்தன. தொண்டர்கள் சல்லடை வைத்து மணலைச் சலித்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் பூவாற்றுப் படகின் அலையைப் பற்றிப் பேசுவது யானையை விட்டு எறும்பைப் பிடிப்பதல்லவா? அளவைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அணை, மணல்கொள்ளை, சாக்கடை, துறைமுகம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுற்றுலாவின் கேடு சிறியது. ஆனால் சுத்தமான நீரும் பறவையும் தன் விற்பனைப் பொருள் என்று சொல்வது சுற்றுலா ஒன்றுதான். சரக்குக் கப்பல் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பொருள் கெடும்போது முதலில் வழக்குப் போடவேண்டியவர் அதை விற்பவர். நெடியதுருத்தில் ஊன்றுவலைக்காரர் செய்ததை, பூவாற்றில் விடுதிக்காரரும் படகுச் சங்கமும் சேர்ந்து அணைநீருக்காகவும் பொழிக்காகவும் செய்தால், அந்தத் தொழிலைச் சூழல் சுற்றுலா என்று அழைக்க எனக்கு ஒரு தயக்கமும் இருக்காது.

நீரைக் காத்துத் தீவைக் காப்பது நடக்கிற காரியமா என்பவர்களுக்கு, மன்னார் வளைகுடாவே பதில். அங்கே 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், தீவைச் சுற்றியிருந்த அரண் உடைந்து, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவும் போக இருந்தது. அதன் மேல் மரம் நட்டுக்கொண்டிருக்கவில்லை; தீவுக்கு வெளியே கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மண் தங்கியது, மீனும் வந்தது. லட்சத்தீவில் நடப்பது இதன் மறுபக்கம். 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்து கடல்நீர் சூடாகிப் பவளம் வெளுத்தது. பவளம் இல்லாவிட்டால் மணல் இல்லை, மணல் இல்லாவிட்டால் விடுதி கட்டத் தீவே இல்லை. திருவனந்தபுரத்துக் கடலிலும், பொழியூரிலிருந்து வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு எதிரே செயற்கைப் பார்களை, அதாவது கடலடிப் பாறைகளை, இறக்கியிருக்கிறார்கள். கரைமடி இழுப்பவரும் தூண்டில்காரரும் அந்தப் பார்களைப் பெயர் சொல்லி அறிவார்கள். பயணிகளுக்கு அவற்றைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

நெய்யாற்று வழக்கில் இரு மாநிலங்களும் பேசுவது வயலுக்கான தண்ணீரை. விளவங்கோட்டு விவசாயிக்கு அது உயிர்ப் பிரச்சினை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கால்வாய்களுக்கு எத்தனை கனஅடி என்று எண்ணும்போது, கோடையில் பூவாற்றுப் பொழிக்கு எத்தனை என்ற மூன்றாவது எண்ணையும் எழுதிக்கொள்ள முடியும். அணையின் ஆண்டு அட்டவணையில் அதற்கென்று சில நாட்களை ஒதுக்கலாம். மூடிய பொழியை எந்த நீர்மட்டத்தில், யாருடைய முடிவில் முறிப்பது என்று மீனவர், விவசாயி, படகுக்காரர் மூவரும் உட்கார்ந்து எழுதி வைக்கலாம். குறுகிய வாய்க்கால்களில் இஞ்சினை நிறுத்தித் துடுப்பு போடச் சொல்லலாம். துடுப்புத் தோணிக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்க விரும்பும் பயணிகள் வருவார்கள், அகத்தியர்கூடத்துச் சீட்டு அதைத்தான் காட்டுகிறது. மரக்குன்னத்தில் காலியாகக் கிடக்கும் மேட்டில் இன்னொரு விலங்கைக் கொண்டுவந்து வைக்கும் திட்டம் எழுந்தால் அதைத் தள்ளிவிட்டு, அந்தக் காட்டைச் சொல்லத் தெரிந்த காணிகளிடம் படகையும் கதையையும் ஒப்படைக்கலாம். பூவாற்றுப் படகுத்துறைகளில் ஒருமணி நேரத்துக்கு இவ்வளவு, இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணப் பலகை தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் தினமும் மூன்று வரி எழுதுவது பெரிய செலவல்ல: அணையிலிருந்து இன்று எவ்வளவு நீர் விடப்படுகிறது, பொழி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, இந்த நேரத்தில் காயலுக்குள் எத்தனை படகுகள்.